ஆடுகிற பலகை

பதுளை,
18.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் றமீலாவும் இங்கே சுகம். நீயும் சுரேஸ் மச்சானும் உன் மாமனாரும் அங்கே சுகமாக இருக்க அம்மன் துணை. என் மூச்சு இழுப்பைப் பற்றி நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். தை மாதக் குளிருக்கு நெஞ்சு கொஞ்சம் விசிலடித்தது. மருந்துக் கடையில் நிற்கிறவனுக்கு மருந்துக்கா பஞ்சம்? இப்போது பரவாயில்லை.

எனக்கு ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது அக்கா. பண்டாரவளையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஸாஹிர் நானா கூப்பிட்டு அனுப்பினார். போன வருடம் என் வித்தைக்குப் பித்தளைக் கிண்ணமும் பந்தும், கோர்த்துக்கொள்ளும் இரும்பு வளையங்களும் தேடித் தந்தாரே, அவர்தான். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு பழைய வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பை இடித்தார்களாம். கூரைக்குக் கீழே இந்தப் பெட்டி கிடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு மாயவித்தைக்காரன் ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆளைக் கட்டிச் சாக்கில் போட்டு உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். பூட்டு பூட்டியபடியே இருக்கும், ஆள் ஜனத்துக்குப் பின்னாலிருந்து நடந்து வருவான். பெட்டியோடு மூன்று வித்தைப் புத்தகங்களும் வந்தன. ஒன்று தமிழ். அட்டை போய், பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. மிச்சத்தை நான் தின்றுகொண்டிருக்கிறேன்.

எங்கள் அறையில் இடமில்லை. றமீலா, "அந்தப் பொணப்பெட்டி உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்" என்கிறாள். உன் வீட்டுப் பின்னறையில் கொஞ்ச நாள் வைத்துக்கொள்வாயா?

போனில் கேட்கலாம்தான். ஆனால் உங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குச் சிக்னல் இல்லை. நீ கோயில் பாறையில் ஏறி நின்று கத்தினால் பாதித் தோட்டம் கேட்கும். வித்தைச் சாமான் விஷயம் அப்படிப் பேசுகிறதில்லை.

அன்புத் தம்பி,
ஜீவன்


மடுல்சீமை,
04.02.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். உன் இழுப்பை நீ விளையாட்டாக எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. மூச்சுக்கு அடிக்கிற பம்பைச் சட்டைப் பையில் வை, அலுமாரியில் வைக்காதே.

உன் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. லயத்து வீட்டுக்கு நம்பர் ஏது, தெரு ஏது? எல்லாருடைய தபாலும் தோட்டக் கந்தோருக்குப் போய்க் கட்டாகக் கிடக்கிறது. கிளார்க்கர் ஐயாவுக்கு ஞாபகம் வருகிற அன்றைக்கு, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டில் கங்காணி கூப்பிட்டுக் கொடுப்பார். அதனால் அவசரமான எதையும் கடைசி நாளில் எழுதாதே.

பெட்டியை அனுப்பு. பின்னறையில் விறகுதான் கிடக்கிறது. மாமாவிடம் சொன்னேன். ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடித்தே வயதான மனிதர், பெட்டி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "கனம் என்ன, பலகை என்ன ஜாதி?" என்று கேட்கிறார். எனக்கென்ன தெரியும்.

உன் மச்சான், "ஜீவன் கடைசியில அந்த ஓட்டை உடைசலுக்கெல்லாம் ஒரு மியூசியம் கட்டப்போறான்" என்று சிரிக்கிறார். கோபித்துக்கொள்ளாதே. றமீலாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
கலாராணி


பதுளை,
15.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை, உங்கள் சுகமே வேண்டும். பம்ப் சட்டைப் பையில்தான் இருக்கிறது, இதை எழுதும்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பெட்டி மாதக் கடைசிச் சனிக்கிழமை லொறியில் வருகிறது. மழை படாமல் வை. யாருக்கும் காட்டாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, பூட்டில் யாரும் கை வைக்கக்கூடாது. இந்தப் பெட்டியின் உயிர் அந்தப் பூட்டில்தான் இருக்கிறது. எண்ணெய்கூட விடாதீர்கள். அதற்கு மேல் கேட்காதே, உனக்கும் சொல்லமாட்டேன். ஒரு வித்தையைச் சொல்லிவிட்டால் பிறகு அது வெறும் பலகையும் கயிறும்தான். புத்தகங்கள் எல்லாம் முதல் பக்கத்திலேயே அதைத்தான் சொல்கின்றன.

மச்சான் சிரிப்பது எனக்குப் பழகிவிட்டது. தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியும். ஒரு நாள் அவர்கள் வாய் மூட வேண்டும் என்று ஆசை இருக்கிறது அக்கா. அதை உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஜீவன்


மடுல்சீமை,
03.03.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். உங்கள் இருவர் நலத்துக்கும் விளக்கு வைத்தேன்.

பெட்டி வந்தது. நாலு பேர் தூக்கினார்கள். கறுத்துப்போய், மூலையெல்லாம் துரு. திறந்தால் பழைய துணியும் எலியும் கலந்த வாடை. எனக்குப் பார்த்ததும் பிடிக்கவில்லை, காரணம் கேட்காதே. பின்னறைக்குப் போகும்போது அதற்கு முதுகு காட்டாமல்தான் வருகிறேன்.

ஒரு வேடிக்கை நடந்தது. மூடி திறந்து கிடந்தபோது எங்கள் சிவப்புக் கோழி உள்ளே போய்ப் படுத்திருக்கிறது. மாமா தெரியாமல் மூடிவிட்டார். கோழியைக் காணோம் என்று தேடினால், அது வீட்டுக்குப் பின்னால் கோடியில் மேய்ந்துகொண்டிருக்கிறது. மூடி மூடியபடி. "ஒந் தம்பியவிட கோழிக்கு வித்த தெரியும்" என்கிறார் மாமா.

இனி முக்கியமான செய்தி. சித்திரைப் பௌர்ணமிக்கு நம் அம்மன் திருவிழா. நாடகம் போடுகிற பையன்கள் எல்லாம் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். உன் மச்சான்தான் இந்த வருடம் கமிட்டித் தலைவர். "ஜீவனையே ஒரு வித்த காட்டச் சொல்லு, பெட்டி சும்மாதானே கெடக்கு" என்கிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு யோசித்தேன், சொல்லியிருக்க வேண்டாமோ என்று.

கலாராணி


பதுளை,
12.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம், பெரிய சுகம். உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே வாசித்தேன். வாடிக்கைக்காரருக்கு இருமல் மருந்துக்குப் பதில் தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வருகிறேன் என்று மச்சானிடம் சொல். கோழி விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதே.

எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன், அப்படியே செய்யுங்கள். கோயிலுக்குப் பின்சுவர் இருக்கும் பக்கம் மேடை, பின்னால் கறுப்புத் திரை. ஜனத்துக்கு முன்னால் என் கையைக் காலைக் கட்டி, கொழுந்துச் சாக்குக்குள் இறக்கி, அதன் வாயைத் தைக்க வேண்டும். பிறகு சாக்கோடு தூக்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சங்கிலி சுற்றுங்கள். பூட்டியதும் தப்பு மேளம் அடிக்கச் சொல். நன்றாக, காது அடைக்கிற மாதிரி. உள்ளே நான் செய்கிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது. தட்டுகிற சத்தம் கேட்டாலும் திறக்கக்கூடாது. தட்டுவதும் வித்தைதான் என்று ஜனத்துக்குச் சொல்லிவிடுங்கள். எவ்வளவு நேரமானாலும் திறக்கக்கூடாது அக்கா. பயத்தில் ஜனம் அழ வேண்டும், அப்போதுதான் நான் பின்னாலிருந்து வருவேன். யாராவது இரக்கப்பட்டுத் திறந்தால் நான் திரும்ப அந்தத் தோட்டத்தில் தலை காட்ட முடியாது.

ஜீவன்


மடுல்சீமை,
27.03.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதினாலும் எனக்குத் தூக்கம் சரியில்லை.

நீ எழுதியபடி எல்லாம் ஏற்பாடு ஆகிறது. தப்புக்காரர்களிடம் உன் மச்சான் சொல்லிவிட்டார். "நாங்க அடிக்கிற அடியில அம்மனே காதைப் பொத்திக்கும்" என்கிறார்கள். தட்டினாலும் திறக்கக்கூடாது என்று கமிட்டிக்கு நான் இரண்டு தரம் சொன்னேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சின்னதில் கொழுந்துச் சாக்குக்குள் ஒளிந்து, இழுப்பு வந்து, உதடு நீலமாகி நீ கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. சாக்கை உதறியது நான்தான். அம்மா கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதே சாக்கில் உன்னை என் கையால் தைத்துப் பெட்டியில் போட வேண்டும் என்கிறாய். எப்படி வெளியே வருவாய் என்று எனக்கு மட்டும் சொல். ஊருக்குச் சொல்லமாட்டேன். சொல்லாவிட்டால் நான் அன்றைக்குக் கோயிலுக்கே வரமாட்டேன்.

கலாராணி


பதுளை,
06.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா அக்கா? சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? என்னால் நீ தூங்காமல் இருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, சொல்கிறேன். உன்னிடம் நான் பொய் சொன்னேன். பூட்டில் ஒன்றுமே இல்லை, அது சாதாரணப் பூட்டு. எல்லாருடைய கண்ணும் பூட்டின் மேல் இருக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினேன். வித்தைக்காரன் எல்லாரையும் வேறு பக்கம் பார்க்க வைக்கிறவன். சொந்த அக்காவையும் அப்படிப் பார்க்க வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

உயிர் இருப்பது பின்பலகையில். அதில் அடியில் இருக்கும் அகலப் பலகை ஆடும். பார்த்தால் உளுத்துப்போய்க் கழன்ற மாதிரி இருக்கும். அது கழன்றதல்ல, அப்படியே செய்தது. உள்ளிருந்து தள்ளினால் கதவுபோல வெளியே திரும்பும். கோழி அந்த வழியாகத்தான் போனது. மூடிக்கு அடியில் பூச்சி அரித்த மாதிரி வரிசையாக ஓட்டைகள் இருக்கும். அவை காற்றுக்கு. கைக்கட்டை உதறிக்கொள்ள எனக்குப் பழக்கம். சாக்கின் அடித் தையலை நானே போட்டுக்கொண்டு வருவேன், இழுத்தால் அவிழும். பலகையைத் தள்ளி, திரைக்குப் பின்னால் ஊர்ந்து, கோயிலைச் சுற்றி வந்துவிடுவேன். அவ்வளவுதான்.

நீ ஒரே ஒரு காரியம் செய். நான் வந்து சேர நேரமாகலாம். முன்கூட்டியே நீ ஒரு தரம் அந்தப் பலகையைத் தள்ளிப் பார். ஆடுகிறதா, ஓட்டைகள் அடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். நீ பார்த்தால் நான் பார்த்த மாதிரி.

வேறு ஒரு உயிருக்கும் சொல்லவில்லை, றமீலாவுக்கும்கூட. வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் தம்பி,
ஜீவன்


மடுல்சீமை,
15.04.2024

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் இருவரும் புதுவருடத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் நலம்.

நான் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. வருடப்பிறப்பு லீவுக்குக் கந்தோர் பூட்டிக்கிடக்கிறது. உன் பதில் உள்ளே கிடக்கிறதோ, நீ எழுதவேயில்லையோ, தெரியாது. பிடிவாதக்காரன், எழுதியிருக்கமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். போகட்டும். கோபத்தில் வரமாட்டேன் என்று எழுதினேன், என்னால் வராமல் இருக்க முடியுமா?

உனக்கு வந்ததும் காட்டலாம் என்று நினைத்தேன். ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. மாமா உன் பெட்டியைப் புதிதாக்கிவிட்டார். அம்மன் முன்னால் வைக்கிற எதுவும் பழுதாக இருக்கக்கூடாது என்பது இங்கே வழக்கம். சப்பரத்தில் ஒரு கால் ஆடினாலே பூசாரி விடமாட்டார். மாமா பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார். பின்பக்கத்து அடிப்பலகை கழன்று ஆடிக்கொண்டிருந்ததாம், மூடிக்குக் கீழே முழுக்கப் பூச்சி ஓட்டையாம். "இதுல ஆளு ஏறினா பொத்துனு வெளிய விழுந்துருவான்" என்று பதறிப்போனார். பலகைக்கு வரிசையாகத் திருகாணி போட்டு, மேலே இரும்புப் பட்டை அடித்தார். ஓட்டைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தார். அதோடு விட்டாரா? தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற ஈயத்தாள் பழசு கொஞ்சம் வைத்திருந்தார். அதைச் சுற்றிலும் ஒட்டி, மேலே கறுப்புத் துணி தைத்துவிட்டார். "காத்துப் பட்டா தேயில செத்துப்போகும்மா. நான் அடிச்ச பெட்டிக்குள்ள காத்து போனதே இல்ல" என்று சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பூட்டை மட்டும் நாங்கள் யாரும் தொடவில்லை, நீ சொன்னபடியே.

இனிக் கோழி உள்ளே போனால் வெளியே வராது.

நேற்றுக் காப்புக் கட்டிவிட்டார்கள். பெட்டியையும் மஞ்சள் துணி சுற்றிக் காப்புக் கட்டிக் கோயிலில் வைத்தாயிற்று. மேடையில் வைத்துத்தான் அவிழ்ப்பார்கள். எனக்கு இப்போது பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெட்டி உறுதியாக இருக்கிறது, அதுவே போதும்.

பம்பை மறக்காதே.

கலாராணி


பதுளை,
23.04.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் எல்லாருடைய நலமும் அறிய ஆவல். அவர் காலையிலேயே திருவிழாவுக்குப் பஸ் ஏறிவிட்டார். அவர் போன பிறகுதான் அறைச் சாவியைக் கொடுக்கக் கீழ்வீட்டு அம்மா வந்தார். நேற்று வந்த உங்கள் கடிதத்தைத் தர மறந்துவிட்டேன் என்று அதையும் தந்தார். அவர் பெயருக்கு வந்ததைப் பிரித்ததற்கு மன்னியுங்கள்.

வாசித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணி, உங்களிடம் சொல்கிறேன், எனக்கு இந்தப் பெட்டி மேல் ஆரம்பத்திலிருந்தே பயம். உளுத்த சாமான், உள்ளே ஆள் இருக்கும்போது உடைந்து ஆணி கீணி குத்தினால் என்ன செய்வது என்று இரவெல்லாம் யோசிப்பேன். பலகையை இறுக்கிப் பட்டை அடித்ததற்கு மாமாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

எனக்கு அவர் ஒன்றும் சொல்வதில்லை. "அக்காவுக்கு எல்லாம் எழுதிட்டேன், அக்கா பாத்துக்கும்" என்று மட்டும் சொன்னார். மழையில் போயிருக்கிறார், நெஞ்சு நேற்றிலிருந்தே இழுக்கிறது. பம்ப் சட்டைப் பையில் இருக்கிறது. சாக்குக்குள் போகும்போது சட்டையைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்நேரம் உங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
றமீலா


மடுல்சீமை,
13.05.2024

றமீலா,

சுகம் கேட்டு எழுதக் கை வரவில்லை. நீ எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

காரியம் முடிந்து பஸ் ஏறும்போதும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்காவிட்டாலும் உனக்குச் சொல்ல வேண்டியது நான்தான்.

பசறைக்கு மேலே மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாம். நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மேடை தொடங்கும் நேரத்தில்தான் வந்தான். பெட்டியைத் திறந்து பார்க்கட்டுமா என்றான். "காப்ப இப்ப அவுக்கக் கூடாது தம்பி" என்றார் பூசாரி. அவன் என் பக்கம் திரும்பினான். "நீ பாத்தியாக்கா, சரியாத்தானே இருக்கு?" என்றான். அவன் எனக்குக் கடைசியாக எழுதியது அப்போது என் கைக்கு வரவில்லை றமீலா. மாமா செய்த வேலையைப் பார்த்து அவன் அசந்துபோக வேண்டும் என்று, "எல்லாம் நல்லா இருக்கு, நீயே பாரு" என்றேன். சிரித்தான். "அப்பச் சரி" என்றான்.

சாக்கின் வாயை நான்தான் தைத்தேன், அதற்குப் பிறகுதான் பெட்டியின் காப்பை அவிழ்த்தார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. கையைக் கட்டியபோது பம்ப் கீழே விழுந்திருக்கிறது, மறுநாள் மேடையைக் கூட்டும்போதுதான் கண்டெடுத்தோம்.

தப்பு அடித்தார்கள். தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் பக்கத்தில் நின்றேன், எனக்கு நன்றாகக் கேட்டது. ஜனம் கைதட்டியது. நெடுநேரம் ஆனதும் சுரேஸ் நிறுத்தட்டுமா என்று என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இரக்கப்பட்டுத் திறந்தால் இந்தத் தோட்டத்தில் தலை காட்ட முடியாது என்று எழுதியிருந்தானே. தட்டுவது நின்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது றமீலா. வெளியே வந்துவிட்டான் என்று நினைத்தேன். திரும்பி ஜனத்துக்குப் பின்னால் அவனைத் தேடினேன். மழை விட்டு, பிள்ளைகள் தூங்கி, பூசாரி திறக்கச் சொல்லும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா அதற்குப் பிறகு பேசுவதில்லை. பொலிஸ் கேட்டபோது மட்டும், "காத்து போகாம செஞ்சேங்கய்யா" என்றார்.

இன்று காலைப் பெரட்டில் கங்காணி என் பெயரைக் கூப்பிட்டு இரண்டு கடிதங்களைக் கொடுத்தார். வருடப்பிறப்புத் தபால், திருவிழா கழிந்து இன்றுதான் கட்டு பிரித்தார்களாம். ஒன்று நீ எழுதியது. மற்றது அவன் சித்திரைக்கு முன்பு எழுதியது. சுகமாக இருக்கிறாயா அக்கா என்று கேட்டிருக்கிறான். பலகை ஆடுகிறதா என்று ஒரு தரம் தள்ளிப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். மலையில் கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து வாசித்தேன். பிறகு எழும்பிப் போய் என் நிரையில் நின்று கொழுந்து எடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வாசித்ததும் அடுப்பில் போடு என்று கடைசியில் எழுதியிருக்கிறான். அவன் எழுதியதையெல்லாம் எழுதியபடியே செய்தேன். இதை ஒன்றை மட்டும் செய்யவில்லை. இந்தக் கடிதத்தோடு சேர்த்து உனக்கு அனுப்புகிறேன்.

கலாராணி